படம் வருகிறது, சத்தம் வரவில்லை: லினக்ஸுக்கு மாறிய லேப்டாப் ஏன் ஊமையாகிறது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் கோயில் தமிழ் வகுப்புகளுக்கு நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்புகள் இந்த வரம்பில் தேறுவது கஷ்டம். தூக்கி எறிய மனசு வராது. யாராவது ஒரு தம்பி பென் டிரைவோடு வந்து, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வைஃபை வருகிறது, தமிழ் எழுத்து வருகிறது, வீடியோ ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தால் ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் பலரும் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டத் தொடங்குகிறார்கள். பாதி நேரம் அதுதான் சின்னக் கோளாறைப் பெரிதாக்குகிறது. சத்தம் எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்துகொண்டால், சரிசெய்வது பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

## கார்டு என்ற பெயர்தான் மிச்சம்

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது, சவுண்ட் கார்டு என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பலகை. கணினி மூடியைக் கழற்றி உள்ளே செருக வேண்டும். 1997இல் இன்டெல் ஏசி 97 என்ற வரையறையையும், 2004இல் எச்டி ஆடியோவையும் வெளியிட்ட பிறகு அந்தப் பலகை மறைந்து, வேலை இரண்டு சிப்புகளுக்குப் பிரிந்தது.

ஒன்று கன்ட்ரோலர். மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும். மெமரியில் எண்களாக இருக்கும் ஒலியை எடுத்து அனுப்புவது இதன் வேலை. மற்றது கோடெக். விரல் நகம் அளவுள்ள தனிச் சிப். அந்த எண்களை ஸ்பீக்கருக்கான மின் அலையாக மாற்றும்; மைக்கில் வரும் மின் அலையைத் திரும்ப எண்களாக மாற்றும். இன்றைய லேப்டாப்புகளில் ரியல்டெக், கோனெக்சன்ட், சிரஸ் லாஜிக் ஆகியோரின் கோடெக்குகளைத்தான் அதிகம் பார்க்கலாம்.

ஆக, ‘என் சவுண்ட் கார்டு எது?’ என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். ‘இன்டெல் சவுண்ட் கார்டு வேலை செய்யவில்லை’ என்று தேடினால் உலகத்தில் பாதி லேப்டாப்புகளின் கதை வந்து விழும். லேப்டாப் மாடலையும் ரியல்டெக் ஏஎல்சி 256 என்பது போன்ற கோடெக் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் உங்கள் கதை கிடைக்கும்.

## சத்தம் இறங்கி வரும் படிகள்

நீங்கள் ஒரு பாட்டைத் தட்டியதும் நடப்பது, மேலிருந்து கீழே:

1. செயலி. விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ் மாதிரியானவை. பாட்டுக் கோப்பைப் பிரித்து ஒலி எண்களாக்கும்.
2. சவுண்ட் சர்வர். பல செயலிகளின் ஒலியைக் கலந்து ஒன்றாக்கும். இப்போது பெரும்பாலும் பைப்வயர்; பழைய பதிப்புகளில் பல்ஸ்ஆடியோ. எந்தச் சத்தம் ஸ்பீக்கருக்கு, எது ஹெட்ஃபோனுக்கு, எது எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு என்று முடிவெடுப்பது பைப்வயரோடு கூட வரும் வயர்பிளம்பர்.
3. ஆல்சா. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தொகுதி, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்கள். கன்ட்ரோலரோடும் கோடெக்கோடும் நேரடியாகப் பேசுவது இதுதான்.
4. வன்பொருள். கன்ட்ரோலர், கோடெக், அதற்கப்பால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் துளை.

‘டம்மி அவுட்புட்’ என்பதன் அர்த்தம் இப்போது புரியும். இரண்டாம் படியில் இருப்பவர் கீழே எட்டிப் பார்க்கிறார், ஆல்சாவிடமிருந்து ஒரு கார்டும் வரவில்லை. வெறுங்கையாக நின்றால் செயலிகள் தடுமாறும் என்பதால், கொல்லையில் வைக்கோல் பொம்மை நிறுத்துவது போல ஒரு பொய்க் கார்டை நிறுத்திவைக்கிறார். பாட்டு ஓடும், நேரம் நகரும், ஒலி எங்கும் போகாது. எனவே டம்மி அவுட்புட் தெரிந்தால் கோளாறு மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோதான் இருக்க வேண்டும், அபூர்வமாக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். செயலியை நீக்கி மறுபடி நிறுவி ஒரு பயனும் இல்லை.

## பழைய மருத்துவம் ஏன் பலிக்காது

லினக்ஸில் ஒலிக்கு முதலில் இருந்தது ஹன்னு சாவொலைனன் தொடங்கிய ஓஎஸ்எஸ். ஆல்சா, 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரு கார்டுக்காக எழுதத் தொடங்கிய டிரைவரிலிருந்து வளர்ந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அதுவே லினக்ஸின் முக்கிய ஒலி முறையானது. லென்னார்ட் பெட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ 2007இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 8ஆம் பதிப்பிலும் 2008இல் உபுண்டு 8.04இலும் உள்ளே வந்தது. அப்போது கேட்ட வசவு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர், 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10, 2024இல் லினக்ஸ் மின்ட் 22 என்று வரிசையாக அந்த இடத்தைப் பிடித்தது.

இந்த வரலாறு இங்கே எதற்கு? இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் இந்த நான்கு காலங்களிலிருந்தும் தேதியில்லாமல் கலந்து கிடக்கின்றன. 2010இல் எழுதிய ‘பல்ஸ்ஆடியோவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு’ என்ற வழியைப் பைப்வயர் ஓடும் இன்றைய மின்ட்டில் செய்தால், ஒரே கார்டுக்கு இரண்டு சவுண்ட் சர்வர்கள் அடித்துக்கொள்ளும். ‘உங்கள் பயனர் பெயரை ஆடியோ குழுவில் சேருங்கள்’ என்பதும் அந்தக் காலத்து மருந்துதான். இப்போது கணினி முன்னால் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்குக் கார்டைத் தொடும் உரிமை தானாகவே கிடைக்கிறது.

உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த் தென்னாப்பிரிக்காக்காரர். முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. பெயரும் இங்கே தெருவில் புழங்கும் சூலு, கோசாச் சொல்தான். இணையம் ஆமை வேகத்தில் இருந்த அந்த நாட்களில், வெற்று சிடியோடு போனால் லினக்ஸைப் பதிந்து தரும் ‘ஃப்ரீடம் டோஸ்டர்’ பெட்டிகளை அவருடைய அறக்கட்டளை இந்த நாட்டில் நிறுத்தியிருந்தது. கார்டு ஊமையானால் அந்தப் பெட்டியும் கை கொடுக்காது என்பது வேறு விஷயம்.

## ஒரே சிப், ஆயிரம் வயரிங்

குழப்பத்தின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

ஒரே ரியல்டெக் கோடெக்கை நூறு லேப்டாப் மாடல்களில் போடுகிறார்கள். ஆனால் சிப்பின் கால்களில் எது ஸ்பீக்கருக்கு, எது ஹெட்ஃபோன் துளைக்கு, எது உள் மைக்குக்கு என்பதை ஒவ்வொரு மதர்போர்டிலும் அதை வடிவமைத்தவர் தன் வசதிக்கு இணைக்கிறார். வீட்டுக்கு வீடு சுவிட்ச்போர்டு ஒன்றாகவே இருக்கும். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது எலக்ட்ரீசியனுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி.

அந்த இணைப்பு விவரத்தை, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது எச்டி ஆடியோ வரையறை. ஒவ்வொரு காலுக்கும் 32 பிட்: என்ன சாதனம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, துளையின் நிறம் என்ன என்பது வரைக்கும். நல்ல ஏற்பாடு. கடைப்பிடிப்பதுதான் இல்லை. பல மாடல்களில் அந்தப் பட்டியல் தப்பாகவோ அரைகுறையாகவோ இருக்கும். தயாரிப்பாளர் அதைத் திருத்தாமல், விண்டோஸ் டிரைவருக்குள் ‘இந்த மாடல் என்றால் இப்படி எடுத்துக்கொள்’ என்று ஒரு ஒட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார். விண்டோஸில் சத்தம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

லினக்ஸுக்கு அந்த ஒட்டு கிடைக்காது. எனவே கெர்னல் எழுதுபவர்கள் தங்களுக்கென்று ஒரு திருத்தப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு லேப்டாப் மாடலுக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து, ‘இதில் ஹெட்ஃபோன் இந்தக் காலில்’, ‘இதில் ஆம்ப்ளிஃபயரை எழுப்ப இந்தக் கட்டளை’ என்று வரிவரியாகப் போகும். ரியல்டெக்குக்கான பட்டியல் மட்டுமே மிக நீளம். உங்கள் மாடல் அதில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் கார்டு பட்டியலில் தெரியும், ஒலி அளவுக் கம்பி ஆடும், ஸ்பீக்கர் மட்டும் வாய் திறக்காது.

இதைத்தான் ‘லினக்ஸ் என் கார்டை ஆதரிக்கவில்லை’ என்கிறோம். ஆதரிக்கத்தான் செய்கிறது, யார் வீட்டு வயரிங் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இதில் லினக்ஸைவிட லேப்டாப் தயாரிப்பாளர் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். ஒரு பக்க விவரத்தைப் பொதுவில் வைக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

பழைய மாடல்களுக்கு ஒரு நன்மை உண்டு. இத்தனை வருடத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே திண்டாடி, எழுதி அனுப்பி, திருத்தம் உள்ளே போயிருக்கும். 2014ஆம் வருடத்து லேப்டாப்பில் எளிதாக வரும் சத்தம் போன மாதம் வாங்கியதில் வராமல் போவது இதனால்தான்.

## புது லேப்டாப்பில் இன்னொரு முடிச்சு

சமீப வருடங்களின் இன்டெல் லேப்டாப் பலவற்றில் கன்ட்ரோலரோடு டிஎஸ்பி என்ற சின்ன பிராசஸரும் சேர்ந்து வேலை செய்கிறது. உள் மைக்குகள் நேராக அதோடுதான் இணைந்திருக்கும். அந்தப் பிராசஸர் ஓட ஃபர்ம்வேர் என்ற தனிக் கோப்பு வேண்டும். இன்டெல் 2018இல் தொடங்கிவைத்த சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சாஃப், இதற்கானது. டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் கிடைப்பது அதே டம்மி அவுட்புட். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இந்தத் தொகுப்பு இல்லாமல் நிறுவியவர்கள் இதில் மாட்டுகிறார்கள். தொகுப்பை நிறுவி மறுபடி தொடங்கினால் தீர்ந்தது.

சில விலை உயர்ந்த மாடல்களில் ஸ்பீக்கருக்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர் சிப் உண்டு. ஹெட்ஃபோனில் சத்தம் வந்து, ஸ்பீக்கரில் வரவே வராவிட்டால் அதைச் சந்தேகிக்கலாம். புதிய கெர்னலுக்கு மாறிப் பார்ப்பதே அதற்கு முதல் வழி.

## எங்கே நின்றது? கீழிருந்து தேடுங்கள்

வரிசை மாறாமல் போங்கள். ஒரு படி சரி என்று உறுதியான பிறகே அடுத்தது.

1. முழுதாக அணையுங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி அணைப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பாதி உறக்கத்தில் இருக்கும். விண்டோஸ் மாற்றிவைத்த நிலையிலேயே கோடெக் மாட்டிக்கொள்ளலாம். அந்த வசதியை நீக்கி, அணைத்து, பிறகு லினக்ஸுக்குள் வாருங்கள். சில சமயம் இதோடு கதை முடிந்துவிடும்.

2. கெர்னல் கார்டைப் பார்க்கிறதா? கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ஏபிளே என்ற கட்டளையை, ஓர் இடைவெளி, சிறு கோடு, சின்ன எல் சேர்த்து அடித்தால் ஆல்சாவுக்குத் தெரிந்த கார்டுகள் வரிசையாக வரும். ஒன்றுமே இல்லையென்றால் டிரைவர் அல்லது ஃபர்ம்வேர் பிரச்சினை. கெர்னலின் பதிவேட்டைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் சாஃப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஃபெயில்டு’ என்று இருந்தால் ஃபர்ம்வேர் என்று முடிவு கட்டலாம்.

3. வேறு கார்டுக்குப் போகிறதா? எச்டிஎம்ஐ துளையும் கணினிக்கு ஒரு சவுண்ட் கார்டுதான். பல ஏஎம்டி லேப்டாப்புகளில் அது பட்டியலில் முதலில் நிற்கும். எதிர்முனையில் டிவியே இல்லாதபோதும் பாட்டு அங்கே போய்க்கொண்டிருக்கலாம். சவுண்ட் செட்டிங்ஸில் அனலாக் அல்லது ஸ்பீக்கர் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

4. அதே டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறங்கள். திறந்ததும் ஒரே ஒரு கம்பி தெரிந்தால் ஏமாற வேண்டாம். அது பைப்வயரின் முகமூடி. எஃப் 6 விசையைத் தட்டி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்று வரிசையாக வரும். கம்பியின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் வாய் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் அது இரண்டு சுழியமாக மாறும். கட்டு அவிழ்ந்தது.

5. அதே திரையில் வலக்கோடியில் ‘ஆட்டோ மியூட்’ இருக்கிறதா பாருங்கள். ஹெட்ஃபோன் செருகியதும் ஸ்பீக்கரை அடைப்பது இதன் வேலை. துளையில் தூசியோ வளைந்த தகடோ இருந்தால், ஒன்றும் செருகாதபோதும் செருகியதாக நினைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கையில் அடிபட்ட லேப்டாப்புகளில் இது சகஜம். ஹெட்ஃபோனை ஐந்தாறு தரம் செருகி எடுங்கள். அப்படியும் மசியாவிட்டால் ஆட்டோ மியூட்டை நிறுத்திவிடலாம்.

6. இவ்வளவும் சரி, இன்னும் டம்மி அவுட்புட் என்றால் சவுண்ட் சர்வர் தடுக்கி விழுந்திருக்கிறது. வெளியேறி உள்நுழைந்தால் பைப்வயரும் வயர்பிளம்பரும் புதிதாகத் தொடங்கும்.

7. இவை எல்லாம் தாண்டியும் ஊமை என்றால் மேலே சொன்ன வயரிங் பட்டியல் விவகாரம்தான். மின்ட்டில் அப்டேட் மேனேஜருக்குள்ளேயே புதிய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கெர்னலும் கூடவே இருக்கும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

நான்கிலும் ஐந்திலும் மாற்றியதைச் சேமிக்க மறக்காதீர்கள். மிக்சர் நிலைகளை லினக்ஸ் முறையாக அணைக்கும்போதுதான் எழுதிவைக்கிறது. லோட் ஷெடிங் குறைந்துவிட்டது என்றாலும் இங்கே கரண்ட் சொல்லாமல் போவது நின்றபாடில்லை. பேட்டரி செத்த லேப்டாப் படக்கென்று அணைந்தால், போன வாரம் அவிழ்த்த கட்டு மறுபடி விழுந்திருக்கும். நிர்வாகி உரிமையோடு ஆல்சாசிடிஎல் கட்டளைக்கு ஸ்டோர் என்ற சொல்லைச் சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் அந்தக் கணமே பதிந்துவிடும்.

## ‘அம்மா’ ஏன் ‘ம்மா’ ஆகிறது?

சத்தம் வந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு, தமிழ் வகுப்பில் இது நன்றாகவே தெரியும். உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒவ்வொரு சொல்லாகத் தட்டினால் ‘அம்மா’ என்பது ‘ம்மா’ என்று கேட்கிறது. ‘ஆடு’ வெறும் ‘டு’. தமிழை இப்போதுதான் எழுத்துக்கூட்டும் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளை அதையே திருப்பிச் சொல்லும்.

காரணம் மின்சேமிப்பு. சில நொடிகள் ஒலி இல்லையென்றால் வயர்பிளம்பர் கார்டை விட்டுவிடும். அதன் பின் டிரைவர் கோடெக்கை உறங்கவைக்கும். அடுத்த சொல் வரும்போது கோடெக் கண் விழிப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. சில லேப்டாப்புகளில் விழிக்கும்போது ‘டப்’ என்ற சத்தமும் கேட்கும். எச்டி ஆடியோ டிரைவரின் பவர் சேவ் மதிப்பைச் சுழியமாக்கினால் கோடெக் உறங்காது; வயர்பிளம்பரின் சஸ்பெண்ட் நேரத்தையும் சுழியமாக்கினால் கார்டை விடாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். வகுப்பில் சார்ஜர் செருகியே இருக்கிறது, போகட்டும்.

## கோயில் ஆம்ப்ளிஃபயரில் வரும் இரைச்சல்

ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு லேப்டாப்பிலிருந்து மாரியம்மன் பாட்டு போட, ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுப்பார்கள். ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். பழி உடனே லினக்ஸ் மேல் விழும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் வளையம்: லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக் வழியாக பூமியைத் தொட்டு, அந்த வித்தியாசம் ஒயரில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒலி ஒயரின் நடுவில் இரண்டு எர்த்தையும் பிரிக்கும் ஐசோலேட்டர் போடுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள்.

பாட்டில் குரல் மட்டும் காணாமல் போய் மத்தளமும் நாதஸ்வரமும் கேட்டால், ஒயர் முழுதாக உள்ளே போகவில்லை. அரைகுறையாகச் செருகிய பின்னில் இடது, வலது இரண்டின் வித்தியாசம் மட்டும் போகும். நடுவில் பதிந்த குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். அழுத்திச் செருகினால் பாடகி வந்துவிடுவார்.

## நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள

லினக்ஸை பென் டிரைவிலிருந்தே, வட்டில் எதையும் எழுதாமல் ஓட்டிப் பார்க்கலாம். நிறுவச் சொல்லும் முன் அந்த நிலையிலேயே ஒரு பாட்டு போடுங்கள், மைக்கில் பேசிப் பதிந்து கேளுங்கள், ஹெட்ஃபோனைச் செருகி எடுங்கள். அங்கே கேட்டால் நிறுவிய பிறகும் பெரும்பாலும் கேட்கும். டேட்டாவுக்குக் காசு எண்ணிக் கொடுப்பவர்கள், பென் டிரைவைத் தயார் செய்யும் நாளிலேயே ஃபர்ம்வேர் தொகுப்பையும் சேர்த்து இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றுமே பலிக்காமல் வகுப்பு நாளும் நெருங்கிவிட்டால், யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகுங்கள். கட்டைவிரல் அளவு, விலையும் குறைவு. யூஎஸ்பி ஆடியோவுக்குப் பொது வரையறை உண்டு, ஆல்சாவுக்கு அது அத்துப்படி. இந்த வயரிங் பஞ்சாயத்து எதுவும் அதற்குக் கிடையாது.